நான்காவது நொடி

மருத்துவமனை டெலிபோன் ஆபரேட்டருக்கு நானூறு எக்ஸ்டென்ஷன் எண்களும் தலைகீழ்ப் பாடம். சமையல்கூடமோ பிணவறையோ, எதைக் கேட்டாலும் விரல் தானாகப் போகும். படிக்கட்டுக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊரையே பேசவைப்பவள் அவள். அவளோடு பேசத்தான் நாதியில்லை. கணவர் போய் ஆறு வருஷமாகிறது. அடக்கத்துக்கு வந்த சபைக்காரர்கள் மண் போட்டதோடு சரி, அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில் அவளும் சர்ச் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. யாராவது கேட்டால், கடவுளுக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பாள்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. இணைப்புக் கொடுத்ததும் இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று மூன்று நொடி காது கொடுக்கலாம். நான்காவது நொடி இருந்தால் ஒட்டுக்கேட்பு. பிடிபட்டால் சீட்டுக் கிழியும். கேட்கிற அந்த மூன்று நொடியும் மைக் விசையை அழுத்தி அணைத்து வைக்க வேண்டும், தன் மூச்சுக்கூட அங்கே போகக் கூடாது. இருபத்தொரு வருஷமாக அவள் இதை மீறியதே இல்லை.

மீறவைத்தது தனிமை வார்டின் ஏழாம் அறை. உள்ளே இருந்தவன் ஒரு வேன் டிரைவர். ஒட்டிக்கொள்கிற காய்ச்சல் என்று யாரையும் பார்க்க விடவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவனுடைய அக்கா கூப்பிடுவாள். சாப்பிட்டானா, தூங்கினானா என்று விசாரித்துவிட்டு ஜெபம் பண்ணுவாள்.

“ஆண்டவரே, அவன் தனியா கெடக்கான்னு எனக்குத் தோணுது. அப்படி இல்ல, நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு அவனுக்குக் காட்டுங்க.”

ஆபரேட்டரால் விலக முடியவில்லை. முதல் நாள் பத்து நொடி கேட்டாள். மூன்றாம் நாள் முழு ஜெபத்தையும் கேட்டு, மைக்தான் அணைந்திருக்கிறதே என்று வாய்விட்டே அழுதாள். அந்த நாலு மணிக்காகவே தலைவாரிக்கொண்டு வேலைக்கு வந்தாள் என்றால் நம்புவீர்களா? வீட்டில் ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடும்போது ஒருநாள் அதே வார்த்தைகளைத் தனக்காகச் சொல்லிப் பார்த்தாள். பேச்சுவார்த்தை இல்லாதவரிடம் போய்ப் பேசிவிட்டோமே என்று வெட்கமாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

பதினெட்டாம் நாள் ஜெபம் முடிந்து தம்பி ஆமென் என்றான். இவளும் விசையை அழுத்தியபடியே கூடச் சேர்ந்து ஆமென் என்றாள்.

“யாருக்கா அது?” என்றான் தம்பி.

இருபத்தொரு வருஷ வேலை ஒரே வார்த்தையில் போயிற்று என்று ஆபரேட்டர் நினைத்தாள். இணைப்பிலிருந்து விலகக்கூடத் தோன்றவில்லை.

“நம்மகூட தினமும் இருக்கிறவங்கதான்டா” என்றாள் அக்கா. பிறகு நேராக இவளிடம், “சளி குறையலையா? நேத்தே மூக்க உறிஞ்சிக்கிட்டு இருந்தீங்களே” என்றாள்.

நேற்றா? விசை தேய்ந்துபோய் எத்தனை நாளாயிற்றோ, அவள் அழுத்திய அழுத்தெல்லாம் வீண்.

“எப்பல இருந்து தெரியும்?” என்று கேட்டாள்.

“மூணாம் நாள் அழுதீங்கல்ல, அன்னைக்கே. நான் அழுறதா இவன் நெனச்சுக்கிட்டான். யாருன்னு தெரியல, பேரும் தெரியல. ஃபோன வச்சதும் உங்களுக்கும் தனியா ஒரு ஜெபம் பண்ணிட்டுத்தான் எந்திரிப்பேன்.”

ஆறு வருஷமாகத் தன்னை நினைக்க ஒரு ஜீவன் இல்லை என்று கறுவிக்கொண்டிருந்தவள் இந்த ஆபரேட்டர். முகம் தெரியாத ஒருத்தி பதினைந்து நாளாகத் தன்னை ஆண்டவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். அதை அவளால் நம்பவே முடியவில்லை.

மறுநாள் வார்டில் விசாரித்தால் ஏழாம் அறை காலி என்றார்கள். எங்கே போனான் என்று கேட்க வாய் வரவில்லை. பிணவறை எண் விரல் நுனியிலேயே இருந்தது, அழுத்தத் துணிவில்லை. கடவுளே, அவனை விட்டுவிடு என்று அன்றைக்கு எத்தனை முறை சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

நாலு மணிக்கு டெலிபோன் போர்டில் விளக்கு எரிந்தது.

“எந்த வார்டு?” என்றாள், பழக்கதோஷத்தில்.

“வார்டு வேணாங்க. காலையிலயே விட்டுட்டாங்க, தம்பி பக்கத்துலதான் இருக்கான். உங்களுக்குத்தான் கூப்பிட்டேன். ஆனா இதுல பேசினா உங்க வேலைக்கு வம்பு. வீட்டு நம்பரச் சொல்லுங்க, நாளையில இருந்து அங்க கூப்பிடுறோம்.”

நானூறு எண்களும் வரிசையாக ஓடின. சொந்த வீட்டு எண் மட்டும் வரவில்லை. அதை யாரும் அவளிடம் கேட்டு ஆறு வருஷமாகிறது.

“வச்சிடாதீங்க, ஒரு நிமிஷம், வச்சிடாதீங்க” என்று கெஞ்சிக்கொண்டே கைப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள். அடியில் கசங்கிக் கிடந்த பழைய டெலிபோன் பில்லை நீவிப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.