உத்சவ நாள்களில் வராத வலி

அம்மாவின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அதில் சில தேதிகளைச் சுற்றி மட்டும் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருக்கும். ஏகாதசியோ அமாவாசையோ என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அவை என் மன்னியின் விலக்கு நாள்கள். அண்ணாவின் மனைவியாக அவள் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் வந்த மாதத்திலிருந்தே அம்மா குறித்துக்கொண்டு வந்தாள். மார்கழி பிறப்பதற்கு முன்பே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணுவாள். "இராப்பத்துல வந்துடும் போல இருக்கு. வரச்சே வாங்கிண்டு வந்துடு" என்பாள். என்ன வாங்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. விலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. பள்ளிக்கூட வேலை முடிந்து வரும் வழியில் மெடிக்கல் கடையில் வாங்கி, அம்மா வீட்டில் கொடுத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுக்குப் போவேன்.

வருஷத்துக்கு மூன்று முறை அந்த மாத்திரை தேவைப்படும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல்பத்து, இராப்பத்து என்று பெருமாள் சேவைக்கு வரும் உறவுக்காரர்கள் மூன்று வாரம் தங்குவார்கள். பங்குனியில் பெருமாளும் தாயாரும் ஒன்றாகக் காட்சி தரும் சேர்த்தி சேவை. ஆவணியில் அப்பாவின் திவசம். அந்த நாள்களில் தளிகை பண்ண வேண்டியவள் விலகி உட்கார்ந்தால் வீடு நின்றுவிடும். அதனால் மன்னி மாத்திரையை விழுங்குவாள், இருபது பேருக்குச் சமைப்பாள், வெண்கல உருளியைத் தனி ஆளாக இறக்கிவைப்பாள். விடியற்காலையில் கோலத்தைப் போட்டுவிட்டுச் சேவைக்கும் ஓடுவாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

மற்ற மாதங்களில் அவள் வேறு ஆள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, சமையல் மேடையில் நெற்றியை வைத்தபடி நிற்பாள். விலக்கு நாள்களில் மட்டும் இல்லை, மாதத்தில் பாதி நாள் அப்படித்தான். உட்கார்ந்தால் வலி, கழிப்பறைக்குப் போனால் வலி. "எல்லாப் பொம்மனாட்டிக்கும் வர்றதுதானே" என்பாள் அம்மா. அம்மாவைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா வேலையும் செய்தவள்தான். தன்னால் முடிந்தது இவளுக்கு ஏன் முடியவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

ஆனால் ஒன்றை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். உத்சவ நாள்களில் மன்னிக்கு வலி வருவதில்லை. வேலை தலைக்கு மேல் இருக்கும்போது வராத வலி, உறவுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய மூன்றாம் நாள் முன்னைவிட மூர்க்கமாக வந்துவிடும். இதற்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். "ஊரார் மெச்சணும்னா உடம்பு சரியா இருக்கு. நமக்குன்னா படுத்துக்கறா" என்றாள் அம்மா. அதையே நான் படித்தவள் பாஷையில் அண்ணாவிடம் சொன்னேன். "வேலை இருந்தா மறந்து போற வலி, வலியே இல்லை அண்ணா. அது மனசு." அன்றிலிருந்து அண்ணா மன்னிக்கு வெந்நீர்ப் பை போட்டுக் கொடுப்பது குறைந்துபோனது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இத்தனைக்கும் நான் தில்லைநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரு வளைகோடு, புரோஜெஸ்டிரோனுக்கு ஒரு வளைகோடு என்று கரும்பலகையில் வரைந்து, கருப்பையின் உட்சுவர் எப்போது தடிக்கிறது, எப்போது உதிர்கிறது என்று வருஷா வருஷம் பாடம் எடுக்கிறேன். அந்த மாத்திரை அட்டையின் பின்னால் எந்த ஹார்மோன் என்று அச்சடித்திருக்கும். படித்தும் இருக்கிறேன். பாடம் பள்ளிக்கூடத்தில் இருந்தது, மன்னி வீட்டில் இருந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பது வருஷம் இப்படியே போனது. குழந்தை இல்லை. ஒரு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இன்னொருவர், மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில் மனநல மருத்துவர் ஒருவரிடம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினோம். வாங்கச் சொன்னது நான்தான். மன்னி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்வதையே அவள் அதற்குள் நிறுத்தியிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால், சேர்த்தி சேவை முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போன பிறகு, ஒரு மத்தியானம் குளியலறையில் பக்கெட் விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிப் பார்த்தால் மன்னி தரையில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு புத்தூருக்கு விரைந்தோம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. என் தோளில் சாய்ந்திருந்த மன்னி கத்தவில்லை, முனகவில்லை. மூச்சை மட்டும் எண்ணி எண்ணி விட்டாள். எனக்கு அப்போதுதான் முதல் முறையாகப் பயம் வந்தது. இந்தப் பக்கம் அம்மா, "செவ்வாய்க்கிழமைதான் போகப்போறோமே" என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க டாக்டரம்மா. ஊசி போட்டு வலி கொஞ்சம் அடங்கிய பிறகு எங்களை உட்காரச் சொன்னார். "எத்தனை வருஷமாங்க இப்படி?" என்று மன்னியைக் கேட்டார். பதில் சொன்னது அம்மா.

"வருஷம் என்ன டாக்டர், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. ஆனா வேலை இருந்தா ஒண்ணும் வராது. உத்சவம்னா ஓடியாடிப் பண்ணுவா. முடிஞ்சதும் படுத்துப்பா."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "உத்சவத்துல மட்டும் எப்படிங்க வலி இல்லாம இருக்கு?" என்று டாக்டரம்மா மறுபடியும் மன்னியையே கேட்டார்.

மன்னி திரும்பி என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நிமிஷம் உறைத்தது. வாயைத் திறந்தால் ஒன்பது வருஷம் நான் பேசிய பேச்செல்லாம் என் தலையிலேயே விழும். திறக்காவிட்டால் இவள் வலியோடு செவ்வாய்க்கிழமை வேறொரு டாக்டரிடம் போய் மனசைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், சும்மா இருந்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"மாத்திரை போட்டுப்பா டாக்டர். தள்ளிப்போடற மாத்திரை. நான்தான் வாங்கித் தருவேன்" என்றேன்.

"போடுற நாள்ல இடுப்பு வலியும் இல்லையா? நிறுத்துனதும் வருதா?"

மன்னி தலையசைத்தாள். "இதை மட்டும் வச்சு இதுதான்னு சொல்லிட முடியாதுங்க. ஆனா இதை யாராவது முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. மறுபடி எடுத்த ஸ்கேனில் இடது சினைப்பையில் பழைய ரத்தம் கட்டிய கட்டி தெரிந்தது. பிறகு வயிற்றில் துளை போட்டுப் பார்த்தபோது கருப்பைக்குப் பின்னால் குடல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு, இருக்கக் கூடாத இடங்களில் வேர்விட்டிருந்தது.

டாக்டரம்மா எங்களுக்கு விளக்கியதை இன்று வரை நான் மாணவிகளுக்குச் சொல்கிறேன். வழிதவறிப் போன செல்கள் சாக வேண்டும், உடம்பு அவற்றைத் துடைத்துவிட வேண்டும். இந்த நோயில் அவை சாக மறுக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் அவற்றைப் பிழைத்திரு, வளர் என்கிறது. போதாததற்கு அந்தத் திசுவே தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்தும் கொள்கிறது. உடம்பின் காவல் செல்கள் அங்கே புண் இருக்கிறது என்று கூடி, அந்த இடத்தை அழற்சியால் வேக வைக்கின்றன. அந்த அழற்சியில் சுரக்கும் பொருள்கள் வலியைத் தருவதோடு இன்னும் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுகின்றன. "ஒண்ணுக்கொண்ணு தீனி போட்டுக்குதுங்க" என்றார். போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டியது புரோஜெஸ்டிரோன். இந்தச் செல்களுக்கு அந்தக் குரல் சரியாகக் கேட்பதில்லை. மாத்திரையில் அதே குரலைப் பலமாகக் கொடுத்தால் சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு அதுவும் கேட்பதில்லை. மன்னிக்குக் கேட்டது. வருஷத்துக்கு மூன்று முறை, எங்கள் விருந்தாளிகளின் வசதிக்காக.

அதே வகை மாத்திரையைத் தினமும் போட வேண்டும் என்றபோது அம்மா பதறினாள். "தினமுமா? அப்போ கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடாதா?" "கெட்ட ரத்தம்னு ஒண்ணு இல்லைங்கம்மா. குழந்தைக்கு முயற்சி பண்ணும்போது நிறுத்திக்கலாம். முதல்ல இவங்க வலி இல்லாம தூங்கட்டும்" என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதத்திலிருந்து அம்மா காலண்டரில் வட்டம் போடுவதை விட்டுவிட்டாள்.

இந்த மார்கழியில் வீடு பழையபடி நிறைந்தது. அண்ணா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "இவ அன்னிக்கு வாயைத் திறந்து சொன்னதாலதான் தெரிஞ்சுது. சயின்ஸ் டீச்சராச்சே." நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். உள்ளுக்குள் இனித்தது. செய்த பாவத்துக்கு அந்த ஒரு வார்த்தையால் பரிகாரம் செய்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

அந்த இனிப்போடுதான் மத்தியானம் மன்னியோடு உட்கார்ந்து சேனைக்கிழங்கு நறுக்கினேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "ஏன் மன்னி, மாத்திரை போட்டா வலி இல்லைன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

மன்னி கத்தியை நிறுத்தவில்லை. "சொன்னேனே. உன்கிட்டதான்."

"என்கிட்டயா? எப்போ?"

"மூணாவது வருஷம். மெடிக்கல் கடை வாசல்ல. இதைப் போட்டுண்டா வலியே இல்லை, மாசாமாசம் வாங்கிக் கொடுக்கறியான்னு கேட்டேன். நீ சிரிச்சே. 'அப்போ பெருமாள்கிட்ட சொல்லி மாசாமாசம் உத்சவம் வைக்கணும் மன்னி'ன்னே."

குரலில் கோபமே இல்லை. நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். நான் அந்தக் கடை வாசலை, அந்த மாலையை, அவள் முகத்தை எல்லாம் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. ஆனால் அவள் இட்டுக்கட்டியிருக்க முடியாது. அது என் பேச்சுதான். நான் அப்படித்தான் பேசுவேன்.