பேனாக் கழுத்தில் சுற்றிய பட்டு

எங்கள் வீட்டில் ஒரு மைத்திருடன் இருக்கிறான் என்பதை நான் கண்டுபிடித்தபோது எனக்குப் பதினோரு வயது. இன்றைக்கும் அதை நினைத்தால் முதலில் பெருமைதான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். காஞ்சிபுரத்தில் எத்தனையோ வீடுகளில் வெள்ளிச் செம்பு போயிருக்கிறது, வெண்கலப் பானை போயிருக்கிறது. என் திருடன் மையைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அதுவும் தினம் கொஞ்சம், என் பேனாவிலிருந்து.

அந்தப் பேனா வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை பென்சில். ஆறாம் வகுப்புக்குப் போனால்தான் மைப்பேனா. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் பேனாவைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. பொறுக்க முடியாமல் அப்பா என்னை மாமாவோடு ராஜ வீதிக்கு அனுப்பினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். தேடுவது பெரும்பாலும் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் நடக்கும். ஆனால் பேனா விஷயத்தில் அவர் சாமானியப்பட்டவர் இல்லை. கடைக்காரர் எடுத்துப் போட்ட பேனாக்களை ஒவ்வொன்றாக மையில் தோய்த்து, பிள்ளையார் சுழி போட்டு, நிப்பைக் காதருகே வைத்துக் கீறும் சத்தத்தைக்கூடக் கேட்டார். ஒன்பதாவது பேனாவில்தான் தலையாட்டினார். பாட்டில் பச்சை உடம்பு, பொன் நிறக் கொக்கி. என் சட்டைக்குப் பை கிடையாது. கழுத்தில் செருகிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த ஒரு மாட்டுவண்டிக்காரர்கூடப் பேனாவைத்தான் பார்த்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

வீட்டில் அப்பா ஒரே ஒரு சட்டம் போட்டார். மைப்புட்டி தறி இருக்கும் கூடத்துக்குள் வரக்கூடாது. நாங்கள் நெசவுக்காரர்கள். கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருக்கும். மீதியில் நாங்கள் இருப்போம். எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் பட்டு. அதனால் மைப்புட்டிக்குக் கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் ஒரு மாடப்பிறை ஒதுக்கப்பட்டது. பேனா மட்டும், மூடியிருந்தால், கூடத்து அலமாரியில் என் புத்தகங்களோடு இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பேனா கழுவும் நாள். எங்கள் தறிக்கு ஞாயிறு கிடையாது, அமாவாசைதான் லீவு. அப்பா உள்ளே நெய்துகொண்டிருக்க, நானும் மாமாவும் கிணற்றடியில் உட்காருவோம். கழுத்தைத் திருகிக் கழற்றி, நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையையும் உருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரில் நீலம் பிரிந்து பிரிந்து ஓடும். அதைப் பார்க்கவே அப்படி ஒரு சந்தோஷம். நிப்பின் பிளவுக்குள் பழைய பிளேடை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விட்டு எடுக்க வேண்டும். பிறகு துணியில் ஒற்றி, மறுபடி பொருத்தி, பில்லரில் மையை உறிஞ்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மாமா சொட்டுகளை எண்ணுவார். முப்பதோடு நிறுத்திவிட வேண்டும். முப்பத்தொன்று போட்டால் கழுத்தைத் திருகும்போது வழிந்துவிடும். எனக்கு எப்போதும் முப்பத்தொன்று போட்டுப் பார்க்கத்தான் ஆசை.

எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் அந்தப் பேனா கழுத்தில் கசிந்தது. என் நடுவிரல் எப்போதும் நீலமாக இருக்கும். மற்ற வீடுகளில் இதற்குச் சோப்புத் தடவுவார்கள், தையல் நூல் சுற்றுவார்கள். மாமா கழிவு நூல் கூடையிலிருந்து அரக்கு நிறப் பட்டு இழை ஒன்றை உருவி, மெழுகில் இழுத்து, கழுத்தின் மரைகளில் நாலு சுற்றுச் சுற்றித் திருகினார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வெளியே வர வேண்டுமே! வகுப்பில் என் பேனா பட்டு கட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரே பேச்சு. நான் தரையில் நடக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மை குறைய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை நிரப்பினால் வெள்ளிக்கிழமை வரை வர வேண்டிய மை செவ்வாய்க்கிழமை மத்தியானமே தீர்ந்துபோனது. கசிவு என்று நினைத்தேன். விரல் சுத்தமாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் மையைப் பில்லரில் உறிஞ்சி எண்ணிப் பார்த்தேன்: இருபது சொட்டு. திரும்ப ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் எழுந்ததும் எண்ணினால் பதின்மூன்று! என் உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தினால் அல்ல, ஆனந்தத்தினால். என் பேனாவை ஒருவர் திருட்டுத்தனமாக நான் தூங்கும்போது எடுத்து எழுதுகிறார். வீட்டில் என்னைத் தவிர மூன்று பேர்தான்.

அப்பாவாக இருக்க முடியாது. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான், அதையும் வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் போடுவார். அம்மாவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அந்த வருஷம் முதல் மாதப் பரீட்சைக்கு ரிப்போர்ட் கொடுத்தபோது அப்பாவும் மாமாவும் வெளியூர் போயிருந்தார்கள். அம்மா அதில் கட்டைவிரலை உருட்டிக் கொடுத்தாள். டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து, வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையா என்று கேட்க, வகுப்பே சிரித்தது. நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, இனிமேல் நீ கைநாட்டு வைக்காதே, எனக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சரிம்மா என்றாள், அவ்வளவுதான்.

ஆக, மிச்சம் மாமா. ஆள் தெரிந்துவிட்டது, கையும் மையுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொறி வைத்தேன். கிணற்றடிக்குப் போய் பேனாவை நிரப்பினேன், முப்பத்தொன்றல்ல, முப்பத்து மூன்று சொட்டு. பட்டு இழையைக் கழுத்திலிருந்து பிரித்து எடுத்துவிட்டேன். கழுத்தை முழுக்கத் திருகாமல் ஒரு சுற்று தளர்வாக விட்டேன். எடுத்து எழுதுகிறவர் விரல் நீலமாகாமல் தப்ப முடியாது. மூடியைப் போட்டு, நிமிர்த்தி அலமாரியில் வைத்துவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன். நெசவுக்காரர் வீட்டில் ஒருவர் விரலில் மை பட்டால் அந்த விரல் அடுத்து எதைத் தொடும் என்று யோசிக்க வேண்டாமா? தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விழித்ததும் அலமாரிக்கு ஓடினேன். பேனாவின் கழுத்தெல்லாம் மை. மாட்டிக்கொண்டான் திருடன்! கத்துவதற்கு வாயைத் திறக்கிறேன், தறிச் சத்தம் நின்றுவிட்டது.

தறியில் இருந்தது மாம்பழ மஞ்சளில் ஒரு முகூர்த்தப் புடவை. புதன்கிழமை கொடுத்தாக வேண்டும். அன்று விடியற்காலையில் நெய்த இரண்டு விரற்கடை அகலத்தில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள். அப்பா தறியில் குறுக்கே ஓடும் நாடாவிலிருந்து தாரை, அதாவது ஊடை நூல் சுற்றிய சின்னக் குழலை, வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அதிலும் பச்சை.

“மஞ்சள் மேல நீலம் ஏறினா பச்சைதான் வரும். எவன் மைக்கையோட தாரைத் தொட்டது?” என்றார் அப்பா. அவர் கத்தவில்லை. வீட்டில் மற்றவர்களுக்கு அதுதான் பயம்.

நான் பயப்படவில்லையே! திருடனைப் பற்றியும், சொட்டு எண்ணியதைப் பற்றியும், என் பொறியைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். எல்லோர் கையையும் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு ஒன்றும் இல்லை, ஆனாலும் பார் என்றார்.

அப்பாவின் கை சுத்தம். அடுத்தது அம்மா. குளித்துவிட்டு, இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை மஞ்சள் பூசியிருந்தாள். வலது கை விரல் நுனிகள் மட்டும் பச்சையாக இருந்தன. என்ன இது என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டேன். முருங்கைக்கீரை உருவினேன் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

மாமா கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டபோது உடனே வரவில்லை. ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பிறகு வந்தார், வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு. விரலில் மட்டுமா மை? உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, எல்லாம் நீலம். முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. என் பொறி இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

“நான்தான் எடுத்தேன். வேலைக்கு மனு எழுதிக்கினு இருந்தேன். அந்தக் கையோட தார்க் கூடைய நகர்த்தி வச்சிட்டேன்” என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா அவளைப் பார்த்து, நீ போய் அடுப்பைப் பாருக்கா என்றார்.

அப்பா அவரை அன்றைக்கு வைத வசவு இங்கே எழுதக்கூடியதல்ல. படித்த படிப்பிலிருந்து தின்ற சோறுவரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு இருவரும் உட்கார்ந்து, நெய்த இரண்டு விரற்கடையையும் இழை இழையாகப் பிரித்தார்கள், உச்சிவேளை ஆயிற்று. அம்மா கறைபட்ட தார்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். நான் மட்டும் வெற்றி வீராங்கனையாகத் திரிந்தேன். கிணற்றடியில் என் மைப்புட்டி பாதி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அடப்பாவி மாமா, புட்டியையும் விட்டுவைக்கவில்லையா என்று அதையும் அவர் கணக்கிலேயே சேர்த்தேன். மத்தியானம் சோற்றுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. கீரை எங்கே என்று நான் கேட்கவில்லை.

முடிவாக அப்பா தீர்ப்புச் சொன்னார். இனிமேல் பேனா ராத்திரியில் ஜரிகைப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது எடுத்துக் கொடுப்பார். ஜரிகையோடு சரிசமமாக என் பேனா! நான் குதித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அரிசி அளக்கப் போனபோது, அரிசிப் பானைக்குப் பின்னால் என் பழைய ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடைத்தது. பின்பக்கத்து வெற்றுத் தாள்களில் யாரோ எழுதியிருந்தார்கள். என் தமிழ்ப் பாடம், முதல் பாடத்திலிருந்து, வரி வரியாக. எழுத்துகள் ஒவ்வொன்றும் கோலச் சுழி மாதிரி பெரிது பெரிதாக, வட்டம் வட்டமாக. ஒரு பக்கம் முழுக்க அம்மாவின் பெயர். கடைசிப் பக்கத்தில் பாதி வரியில் மை கொட்டி நின்றுபோயிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் ஆறாம் வகுப்புப் பாடத்தைக் காப்பியடிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அக்கா பெயரைப் பக்கம் பக்கமாக எழுதுகிற தம்பி! அடுப்படிக்கு ஓடி, உன் தம்பி செய்த வேலையைப் பார் என்று அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா நோட்டை வாங்கிப் புரட்டினாள். “எழுத்து எப்பிடிமா இருக்குது?” என்று கேட்டாள்.

“ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுதுன மாதிரி இருக்குது” என்றேன்.

அம்மா சிரித்தாள். ஆமாம் என்றாள். நோட்டை மடித்து அடுப்பில் விறகுக்கு அடியில் செருகிவிட்டு, குழம்பைக் கிண்டினாள்.

மஞ்சள் மேல் நீலம் ஏறினால் பச்சை என்று அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநிமிஷமே மஞ்சள் பூசிய கையில் பச்சை விரல்களைப் பார்த்தவள் நான். என் வகுப்பில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வருவேன். அம்மா கடைசிவரை கைநாட்டுதான். மாமாவிடம், அவர் வேலை கிடைத்துப் போன பிறகு, நான் பெரியவளான பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். அந்த மை போவதற்கு ஒரு வாரம் ஆயிற்று என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் என் பேனாவில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. பட்டு இழையைத் திரும்பச் சுற்றி, முப்பது சொட்டு ஊற்றினால், வெள்ளிக்கிழமை வரை தாராளமாக வந்தது. அந்த முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மூச்சிரைக்க ஓடிவந்து, தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன்: மை இன்னும் மிச்சம் இருக்கிறது, திருடன் ஒழிந்தான் என்று.

“நல்லதாப் போச்சும்மா” என்றாள் அம்மா, ராட்டினத்தை நிறுத்தாமல்.