சுயசாகுபடி

ஆனி மூன்றாம் தேதியிட்ட இன்லண்ட் கடிதம் ஒன்று என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. திருவனந்தபுரம் வலியசாலையில் என் கைக்கு அது வந்தது ஆறாம் தேதி. அதை மேல் மூலையில் பென்சிலால் குறித்திருக்கிறேன். இந்த ஊர்க் கணக்கில் மிதுன மாதம், அடைமழை. கடிதத்தின் ஓரம் நனைந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை.

"சாமிக்கு வணக்கம். கம்பெனிக்காரங்க லிஸ்ட்டு எடுக்கறாங்க. பயிர் வச்சவங்களுக்கு ரோட்டுக்கு மேக்கால மனை குடுக்கறாங்களாம். எங்க பேரு அடங்கல்ல இல்லேங்கறார் வி.ஏ.ஓ. நாங்கதான் பயிர் வைக்கிறோம்னு நீங்க ஒரு வரி எழுதி, எந்த வருசத்துலேர்ந்துன்னும் போட்டு அனுப்பினா போதுமாம். ஆனி முப்பதுக்குள்ள வேணும். இங்க இனிமே இருக்க முடியாது சாமி."

எழுதியவர், காவிரிக் கடைமடையில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்ட பெண். கணவனும் அவரும் எங்கள் களத்துமேட்டிலேயே வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். கணவர் அதிகம் பேசமாட்டார். கடிதம், போன், சண்டை எல்லாம் அந்த அம்மாள்தான்.

எங்கள் முன்னோர் கோயில் வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தவர்கள். மனிதர்கள் வந்துவிட்டார்கள், நிலம் அங்கேயே நின்றுவிட்டது. நான் அந்தச் சேற்றில் கால் வைத்ததில்லை. ஆனால் அடங்கலில், அதாவது எந்த வயலில் என்ன பயிர், யார் பயிரிடுகிறார் என்று கிராம அதிகாரி எழுதும் பதிவேட்டில், பயிரிடுபவன் நான்தான். குத்தகைக்காரர் பெயர் பதிவானால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று அப்பா பயந்தார். அதனால் ஆண்டுதோறும் கிராம அதிகாரிக்கு ஒரு கடிதம் அனுப்புவார். அதில் பயிரிடுபவர் என்ற இடத்தில் 'சுயசாகுபடி' என்று எழுதுவார். அவருக்குப் பிறகு நான் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துத் தேதி வாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தக் கட்டைக் காட்டியும் இருக்கிறேன்.

எண்ணெய்க் கம்பெனி வந்த வருடங்களில் அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக ஆழ்துளைகள் போட்டார்கள். எங்கள் மேட்டு நிலத்தையும் வாடகைக்குக் கேட்டார்கள். கொடுத்தோம். எங்களுக்கு வாடகை வந்தது. அதில் இங்கே மொட்டைமாடிக்கு ஷீட் போட்டோம். பக்கத்து வயல்காரருக்கும் பட்டா இருந்ததால் அவருக்கும் வந்தது. அவர் கம்பெனிக்கு ஜீப் விட்டார், பிறகு தண்ணீர் லாரி வாங்கினார். கீழ்த்தெருக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதக்க ஆரம்பித்தபோது அந்தத் தெருவுக்கு வந்தது அவருடைய லாரிதான். படலம் எதனால் வந்தது என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. நானும் சொல்ல முடியாது.

ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன். கார்த்திகை பதினொன்று, மாலை ஐந்தரை மணி இருக்கும். பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே தெரிந்தது, அந்த ஊரில் இருட்டு இல்லை என்பது. துளை போடும் ரிக்குக்குப் பக்கத்தில் ஓர் உயரமான குழாய், அதன் நுனியில் வாயு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் பெரிதல்ல. யாரோ நம் முதுகுக்குப் பின்னால் நின்று விடாமல் மூச்சு விடுவதுபோல இருந்தது. வரப்பில் எனக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒன்று மறையும் சூரியனுடையது. அது போனபிறகும் மற்றது போகவில்லை.

அந்த அம்மாள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"லாரித் தண்ணில போட்ட மோரு, பயப்படாம குடிங்க சாமி. லைட்டே போடுறதில்ல இப்பல்லாம். கரண்டு பில்லு மிச்சம்."

"தூக்கம் வருதாம்மா?"

"எனக்கு வருது. கோழிக்குத்தான் வரல. அது பாட்டுக்கு எப்பப் பாத்தாலும் கூவுது. பயிரும் தூங்கல, வந்து பாருங்க."

வயலில் கதிர் வரவேண்டிய காலம். தூரத்து வயல்கள் பூத்துப் பால்பிடிக்கத் தொடங்கியிருந்தன. குழாயைச் சுற்றி மட்டும், கயிறு கட்டி வட்டம் போட்டதுபோல, பயிர் கரும்பச்சையாக நின்றது. கதிரே இல்லை. சம்பாவுக்கு நீண்ட இருட்டு வேண்டும், இரவு நீண்டால்தான் பூக்கும் என்று நான் படித்திருக்கிறேன். அதை எடுத்துச் சொன்னேன்.

"படிச்சிருக்கீங்க," என்றார் அந்த அம்மாள். "இந்த மனுசன் போன வருசமே சொன்னாரு, இது பெரியவளாகாத புள்ளன்னு."

கணவர் வரப்பில் குந்தி ஒரு தாளைப் பிடுங்கி, நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டார். அந்தப் பச்சை வட்டம் எனக்குள் ஏறிக்கொண்டது. ஊர் திரும்பியபிறகு ஆற்றுக்கால் பக்கம் எங்கே பசுமையைப் பார்த்தாலும், அது பழுக்குமா என்றுதான் முதலில் தோன்றும்.

அதற்கு அடுத்த ஆனியில்தான் கடிதம் வந்தது. படித்ததும் அடுத்த வீட்டிலிருக்கும் அண்ணாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"எழுதிக் குடுக்கப் போறயாக்கும்?"

"ஒரு வரிதானே அண்ணா."

"ஒரு வரியாம். கேட்டயா, குத்தகைக்காரன்னு ஒரு தடவை காயிதத்துல ஏறினா, பின்னே நம்மால எறக்க முடியாது. கோர்ட்டு, கேஸு. அப்பா ஆயுசு பூரா என்ன எழுதினார்? நீ என்ன எழுதினே? கையெழுத்து உன்னதாக்கும்."

"அது பொய்தானே?"

"என்ன பொய்? நெலம் நம்மது. அவா வேலை பண்ணினா. உன் ஆபீஸ்ல 'நடவடிக்கை எடுக்கப்பட்டது'ன்னு ஃபைல்ல எழுதினயே, அதெல்லாம் நீயே எறங்கிப் போய்ப் பண்ணினயோ?"

என் மன்னி உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அன்றே மாலை எழுத உட்கார்ந்தேன். 'கீழ்க்கண்ட நிலத்தை இவர்கள் இருவரும்' என்று தொடங்கி, 'ஆம் ஆண்டு முதல்' என்ற இடத்துக்கு வந்து நின்றேன். எந்த ஆண்டு? அப்பாவின் டயரிகளை எடுத்தேன். ஒன்றில் 'புதிய ஆள் வந்தார்' என்று தை மாதக் குறிப்பு இருந்தது. அதற்கடுத்த வருட டயரியிலும் அதே மாதத்தில் அதே வாக்கியம் இருந்தது. அதற்கும் அடுத்ததைக் கரையான் தின்றிருந்தது. மூன்று நாள் இப்படிப் புரட்டிவிட்டு அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன்.

"நீங்க எந்த வருஷம்மா நம்ம நெலத்துக்கு வந்தது?"

"கல்யாணம் ஆகி மறு தையி. பெரிய வெள்ளம் வந்திச்சே, அதுக்கு அடுத்து."

"எந்த வெள்ளம்? ரெண்டு வெள்ளம் வந்திருக்கே."

"வூட்டுக்குள்ள தண்ணி வந்தவளுக்கு ரெண்டும் பெரிசுதான். ஏதாவது ஒண்ணப் போடுங்க."

"தெரியாம போட முடியாதும்மா."

"ஏஞ் சாமி, நீங்களே நடவு நட்டீங்கன்னு வருசா வருசம் போட்டீங்களே. அது மட்டும் தெரிஞ்சா போட்டீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னார். ஆனி ஒன்பது, மாலை ஏழே கால் என்று அதையும் நான் டயரியில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டேனே தவிர, வருடத்தைப் போடவில்லை.

மறுநாளிலிருந்து பப்ளிக் லைப்ரரிக்குப் போனேன். பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் பைண்டு வால்யூம்களை வரவழைத்து, எந்த வெள்ளத்தில் அந்தத் தாலுகா மூழ்கியது என்று தேடினேன். ஒருநாள் ஹர்த்தால், லைப்ரரி இல்லை. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். ஒரு வால்யூம் பைண்டிங்குக்குப் போயிருந்தது, அது வரக் காத்திருந்தேன். அண்ணாவுக்கு நான் பயந்தேனா, நிலத்துக்கு ஆசைப்பட்டேனா, உண்மையாகவே வருடம்தான் வேண்டியிருந்ததா என்று பலமுறை என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். லைப்ரரியில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஒரு வருடத்தைத் துரத்திப் பிடிப்பதில் உள்ள சந்தோஷம் அது.

பிடித்தும் விட்டேன். இரண்டாவது வெள்ளம்தான். கடிதத்தை முடித்துக் கையெழுத்திட்டு, ஆனி இருபத்தொன்பதாம் தேதி ஸ்பீடு போஸ்ட்டில் சேர்த்தேன். ரசீது இருக்கிறது. போய்ச் சேர்ந்தது ஆடி இரண்டு.

ஆடி மூன்றாம் தேதி அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"வந்திச்சு சாமி. எடுத்துக்கிட்டுப் போனோம். லிஸ்ட்டு ஒட்டியாச்சாம், இனிமே ஏத்த முடியாதாம்."

நான் ரசீதை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. வருசமும் சரியாத்தான் இருக்கு. இவரும் அதேதான் சொன்னாரு, ரெண்டாவது வெள்ளம்னு."

"அவரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரா?"

"கேட்டா சொல்லுவாரு சாமி. யாரும் கேக்கமாட்டாங்க அவர."

நான் கம்பெனிக்கு ஒரு மனு, தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு எழுதினேன். தாலுகா ஆபீசிலிருந்து மட்டும் பதில் வந்தது. அடங்கல்படி அந்த நிலத்தில் சுயசாகுபடி நடப்பதால் மூன்றாம் நபருக்குப் பாத்தியதை இல்லை என்று அதில் இருந்தது. என் வார்த்தையையே எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ரோட்டுக்கு மேற்கே மனை கிடைத்தவர்களில் தண்ணீர் லாரிக்காரரின் மைத்துனரும் ஒருவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் பெயர் அடங்கலில் இருந்தது.

அந்தப் புரட்டாசியில் களத்துமேட்டையும் ரிக்கோடு சேர்த்து வேலி போட்டார்கள். வீட்டைப் பிரித்துக்கொண்டு இருவரும் போய்விட்டதாகப் பக்கத்து வயல்காரர் சொன்னார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. போன் முதலில் அடித்து ஓய்ந்தது, பிறகு அடிக்கவே இல்லை. வாடகை மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. மழை பெய்தால் மாடி ஷீட்டில் விழும் சத்தத்துக்கு நான் வாசலில் போய் நின்றுகொள்கிறேன்.

இங்கே சாலைக் கடைத்தெரு, ஆரியசாலைப் பக்கம் போகும்போதெல்லாம் காது தானாக நிமிர்கிறது. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களும் ஓட்டல்களில் மேஜை துடைக்கிறவர்களும் பேசுவது நெல்லைத் தமிழாகவோ நாகர்கோவில் தமிழாகவோதான் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கில் 'என்னா' என்று இழுக்கும் குரலுக்காக நின்று கேட்பேன். கேட்டு என்ன செய்வேன் என்று யோசித்ததில்லை.

சென்ற மாசி எட்டாம் தேதி, எங்கள் தெருவுக்கு மாவு அரைத்துக் கொடுக்கும் மில்லில் நின்றிருந்தேன். மில்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்:

"கரமனை ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட்டு பணி நடக்குது சாரே. அங்க ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா பணிக்காருக்குச் சமைக்குது. நல்ல நாக்கு, காண்ட்ராக்டரையே வாரிப்புடும். கூட ஒரு வீட்டுக்காரரு. வாயே தொறக்க மாட்டாரு."

வலியசாலையிலிருந்து அந்த இடத்துக்கு நடந்தால் அரைமணி நேரம். நான் இன்னும் போகவில்லை. அவர்கள்தானா என்பது இதை எழுதும் இந்தப் பங்குனி நான்காம் தேதிவரை உறுதி செய்யப்படவில்லை.