கடவுச்சீட்டில் இருப்பவள்

ரத்தோட்டை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். என் பேர் மபாஸா. விண்ணப்பம் நிரப்புவது, பிரின்ட் எடுப்பது, சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது எல்லாம் இங்கே நடக்கும். பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னால் சிலர் தங்கள் குடும்பக் கதையையே சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஹம்சிகாவின் கதையும் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. ஆசிய மகளிர் பேஸ்போல் போட்டியில் விளையாட ஹொங்கொங் போகிறாள் என்று கடைத்தெருவில் பதாகை கட்டினார்கள். கட்டியவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன விளையாட்டு என்றே தெரியாது. "எல்லே மாதிரித்தான், கம்பால பந்த அடிச்சுட்டு ஓடுறது, கையுறை மட்டும் போடுவாங்க" என்று ஒருவர் எனக்கு விளக்கம் வேறு சொன்னார். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மரக்கறிப் பாத்திக்கு வரும் குரங்குகளைக் கல்லால் விரட்டிப் பழகிய கை அவளுடையது. பள்ளியில் எல்லே விளையாடினாள், மாகாண அணிக்குப் போனாள், கடைசியில் இலங்கை அணியில் பந்தெறிபவள் ஆனாள். தோட்டத்தின் பேரை மட்டும் சொல்லமாட்டேன்.

கடவுச்சீட்டு எடுக்க என்னிடம்தான் வந்தாள். முஸ்லிம் அக்காமாரைக் கூப்பிடுவது போல என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன்.

"இருபத்தஞ்சு வயசா? பாத்தா இன்னும் ஓஎல் சோதனை எழுதாத புள்ள மாதிரி இருக்கியே" என்று சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "அது என்னோடது இல்ல ராத்தா. எங்க அக்காவோடது."

உண்மையான ஹம்சிகா அவளுக்கு மூத்தவள். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே உயிர் போய்விட்டது. தேயிலை மலைக்கு மேலே புதைத்தார்கள். இறப்பை யாரும் பதியவில்லை. அடுத்த வருஷம் இவள் அதே லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தாள். அதையும் பதியவில்லை. பள்ளியில் சேர்க்கக் கடதாசி கேட்டபோது, தகப்பன் முத்துவீரன் பெட்டியில் கிடந்த மூத்தவளின் சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் இன்று உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கடை வாசலில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அன்றிலிருந்து அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், அணியின் பட்டியல் எல்லாமே இறந்த பிள்ளையின் பேரில்தான். இனித் திருத்தப் போனால் போட்டி முடிந்துவிடும். நான் ஏசிக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்பினேன். அந்தக் குழந்தையின் பிறந்த திகதியையும் நானே எழுதினேன். செய்தது பிழை என்று தெரிந்தேதான் செய்தேன்.

"வீட்டுல உன்ன எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பாப்பான்னு. ஹம்சிகான்னு அம்மா ஒருநாளும் கூப்பிட்டதில்ல. வருஷா வருஷம் அக்காவுக்குப் படையல் வைப்பாங்க. சோறு, கறி, பிஸ்கட்டு எல்லாம் இலையில இருக்கும். ஆனா பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட மாட்டாங்க. அந்தப் பேர்ல நான் உசுரோட உக்காந்திருக்கேன்ல."

இருபத்து மூன்று வருஷமாக ஒரு குழந்தை பேர் சொல்லி அழைக்க ஆளில்லாமல் வாசலில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

"பந்தெறியப் போகும்போது மைக்ல என் பேரச் சொல்லுவாங்க ராத்தா. அப்ப எனக்கு முன்னாடி வேற யாரோ திரும்பிப் பாக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். பிறகு மெதுவாக, "அம்மா ஒரு மெச்சுக்கும் வந்ததில்ல. அந்தப் பேரக் கேக்க வேண்டி வருமேன்னு பயம். ஒரே ஒரு தடவ அவங்க என்னப் பாக்கணும். அவள இல்ல, என்ன" என்றாள்.

லயத்தில் சிக்னல் கிடையாது. போட்டியை அம்மாவுக்கு என் கடைக் கம்ப்யூட்டரில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போட்டி நாள் காலையில் அவளுடைய அம்மா வேலம்மா வந்தார். மூன்று தடவை ஆள் அனுப்பிய பிறகுதான் வந்தார். கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குத் துணி இடுப்பில் அப்படியே இருந்தது. கதிரையின் நுனியில் உட்கார்ந்து, எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக இருந்தார். திரையில் மகள் பந்தோடு மைதானத்தின் நடுமேட்டில் ஏறினாள். அறிவிப்பாளர் "ஹம்சிகா" என்றதும் வேலம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அவளுக்குப் பக்கத்துல யாரோ நிக்கிறாப்புல இல்ல?"

"யாருமில்லக்கா" என்றேன். சொல்லிவிட்டு நானும் உற்றுப் பார்த்தேன். வாய் தானாகக் குர்ஆன் வசனத்தை ஓதிக்கொண்டது.

மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணிக்காரி அடித்த பந்து நேராக எறிந்தவளையே நோக்கி வந்தது. கழுத்துக்குக் கீழே பட்டது. அவள் மேட்டிலேயே விழுந்தாள், அசையவில்லை. அந்த நேரம் பார்த்து நெட் சிக்கிக்கொண்டது. படம் உறைந்து நின்றது. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. ஹம்சிகா, ஹம்சிகா என்று அறிவிப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அவளக் கூப்பிடாதீங்க! அவ வந்தா இவளக் கூட்டிக்கிட்டுப் போயிருவா!" வேலம்மா திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். "விதுஷா! எந்திரி! விதுஷா!"

போட்டோகொப்பி எடுக்க வந்தவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். யார் விதுஷா என்று எனக்கே ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் அழுகை வந்துவிட்டது.

நெட் திரும்பி வந்தபோது அவள் தோளில் ஐஸ் பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வேலம்மா அசையாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் பிள்ளை என் போனுக்கு அழைப்பெடுத்தாள்.

"எலும்பு முறியல ராத்தா. அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க. உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க புள்ள."

"அக்கா பேரா?"

"இல்ல, உன் பேர்."

"எனக்கு ஏது ராத்தா பேரு?"

சொல்ல வாயெடுத்தேன். அது நான் சொல்லும் பேர் இல்லை. போனை வேலம்மாவிடம் கொடுத்தேன்.

பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் அதன் காதுக்குள் மூன்று தடவை பேர் சொல்வது அவர்கள் வழக்கமாம். இவளுக்கும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகினார்; பள்ளியில் மூத்தவளின் பேர் பதிவானதும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல வழியே இல்லாமல் போனது. இப்போது சுவர்ப்பக்கம் திரும்பி, போனை வாயோடு ஒட்டிவைத்து, "விதுஷா, விதுஷா, விதுஷா" என்றார். அந்தப் பக்கம் விம்மும் சத்தம் கேட்டது.

"அழாத. வரும்போது அக்காவ அங்க தனியா விட்டுட்டு வந்துறாத" என்றார் வேலம்மா. "பேர் சொல்லிக் கூப்பிட்டு, கூட்டிக்கிட்டு வா."