பெரியவளின் எண்

எனக்கும் என் பெரியப்பா மகளுக்கும் ஒரே பெயர். பெண் பிறந்தால் குலதெய்வத்தின் பெயரை வைப்பதாக அண்ணன், தம்பி இருவருமே வேண்டிக்கொண்டார்கள். பிறந்தபின் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. சாமி குத்தம் ஆகிவிடுமாம். அப்பாக்களின் முதலெழுத்தும் ஒன்றேதான். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரே வீட்டில் வளர்ந்தோம். சில மாதம் மூத்த அவள் பெரியவ, நான் சின்னவ. அப்போதெல்லாம் சாமி பெயரால் எங்களை யாரும் கூப்பிட்டதே இல்லை.

கல்யாணமாகி அவள் ஷார்ஜா போனாள். அதன்பின் வீட்டில் என்னை முழுப் பெயரால் கூப்பிட ஆரம்பித்தார்கள். குழம்புவதற்குத்தான் ஆளில்லையே. ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறேன் என்பாள், வரமாட்டாள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஏக்கம், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

நான் புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு கிளினிக்குக்காக நோயாளிகளைப் பதியும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். நிரலில் உருவாக்கும் ஆளை அட்டவணையில் ஒரு வரிசையாகச் சேமிக்க ஓ.ஆர்.எம். என்று ஓர் ஏற்பாடு உண்டு. எது ஆள், எது வெறும் மதிப்பு என்று அதனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகவரி வெறும் மதிப்பு. கதவு எண், தெரு, ஊர் எல்லாம் பொருந்தினால் இரண்டு முகவரியும் ஒன்றுதான். இதை வேல்யூ ஆப்ஜெக்ட் என்போம். கைப்பிடி உப்பைக் கொட்டிவிட்டு இன்னொரு பிடி அள்ளினால், பழைய உப்பு எங்கே என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஆள் அப்படியில்லை. எல்லாம் மாறினாலும் இவர் இவர்தான் என்று சொல்ல ஆளுக்கு ஒரு பிரைமரி கீ, அதாவது வேறு யாருக்கும் இல்லாத ஓர் அடையாளம், வேண்டும்.

தனியாக எண் கொடுக்கச் சோம்பல்பட்டு, பெயர், இனிஷியல், முகவரி மூன்றையும் சேர்த்தே கீ ஆக்கிவிட்டேன். மூன்றும் பொருந்துகிற இரண்டு பேர் உலகத்தில் எங்கே இருக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. நினைத்தது யார்? நான்! சோதித்துப் பார்க்க, மரக்காணம் வீட்டு முகவரியோடு முதலில் பெரியவளைப் பதிந்தேன். அடுத்து என்னை. கீ ஒன்றாக இருந்ததால் இருவரையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டது; பட்டியலில் நான் மட்டும் இருந்தேன். அவளுடைய செல் நம்பர் இருந்த இடத்தில் என் நம்பர் இருந்தது.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரப் போட்டீங்க, ஒருத்தர்தான் இருக்கீங்க. இன்னொருத்தர முழுங்கிட்டீங்களா?"

சிரித்துவைத்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

தானாக ஏறிக்கொண்டே போகும் எண்ணைக் கீயாக மாற்றினேன். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது. அர்த்தம் இருந்தால் ஒருநாள் அது மாறிவிடும். பெரியவளுக்கு ஒன்று விழுந்தது, எனக்கு இரண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"யாருங்க?"

"நான்தான்."

தொண்டை கட்டிப்போன குரல். எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிற எல்லோரும் சொல்வது இதைத்தான், பால்காரர் உட்பட. அதில் ஒரு விவரமும் இல்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"லீவு இல்லன்னுட்டாங்கடி. இந்தப் பொங்கலுக்கும் வரல," என்றாள் பெரியவ. "நான் வர்றப்ப உனக்கு அடையாளமே தெரியாது பாரு. குண்டாயிட்டேன். முடியெல்லாம் கொட்டிடுச்சு."

"கொட்டட்டும்," என்றேன்.

மென்பொருளை ஒப்படைக்கும் முன் சோதனைப் பதிவுகளை அழிக்க வேண்டும். ஒன்றையும் இரண்டையும் அழித்தேன். கிளினிக்கின் முதல் நோயாளிக்கு மூன்று விழுந்தது.

"ஒண்ணுலேர்ந்தே ஆரம்பிக்கலாமே, ரீசெட் பண்ணிடுங்க," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"வேணாங்க. அப்படியே இருக்கட்டும்."

அழித்த எண்ணை மென்பொருள் வேறு யாருக்கும் தராது. அன்று சாயங்காலம் மரக்காணத்து வீட்டு மாடியில், உப்புக் குவியல்களைப் பார்த்தபடி பெரியவளைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன்.

"உன் நம்பர யாருக்கும் குடுக்கலடி."

"லூசு," என்றாள். பிறகு, "உன்னோடது?" என்று கேட்டாள்.

"அதுவும் காலியாத்தான் கெடக்குது."

"உனக்கென்ன, நீ அங்கதான இருக்க?"

"நீ வந்தாத்தானடி நான் சின்னவ."