எங்கள் வீட்டின் இரண்டு வயிறுகள்

என் கணவர் திருநெல்வேலி டவுணில் ரதவீதி ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கிறவர். வேலை பார்க்கிறவர் என்பதைவிட நிற்கிறவர் என்பதுதான் சரி. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை உட்கார இடம் கிடையாது. முழங்கால்கள் தேய ஆரம்பித்த பிறகு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளப் பழகினார். முதலில் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் மட்டும். பிறகு தினமும், காலையில் கடைக்குள் நுழையுமுன், வெறும் வயிற்றில் ஒரு டீயோடு. நெஞ்சு எரிந்தால் இளஞ்சிவப்பு மருந்தை மூடியில் ஊற்றிக் குடிப்பார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அந்த பாட்டிலுக்கு நிரந்தரமாக ஓர் இடம் இருந்தது.

நான் கணக்கு டீச்சர். தச்சநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் தனித்தனிக் களைப்பு. யார் வயிற்றில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கறி வைத்திருந்தேன். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "தலை சுத்துது" என்று எழுந்தவர், வாஷ்பேசினுக்குப் போகுமுன்னே வாந்தி எடுத்தார். முதலில் காப்பித்தூளைக் கரைத்ததுபோல் வந்தது. அடுத்து வந்தது ரத்தம். தரையில் அவ்வளவு ரத்தத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவர் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தார். உதடு வெள்ளையாக இருந்தது.

நான் முதலில் செய்தது அடுப்பை அணைத்தது. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வீட்டு விலாசத்தை, பக்கத்தில் என்ன கடை, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை, வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது. அதில் ஒரு நடுக்கமும் இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய தங்கையைக் கூப்பிட்டேன். கேஸ் சிலிண்டரைத் திருகி மூடினேன். திருத்த வேண்டிய காலாண்டுத் தேர்வுத் தாள்கள் இருந்த பையையும் எடுத்துக்கொண்டேன். அதை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குடல் வைத்தியர் ஒருவர் இருந்தார். சற்றுப் பருத்த, நடுத்தர வயது மனிதர். வயிற்றைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

"எத்தன நாளா வெளிக்குக் கறுப்பா போகுது?" என்று இவரைக் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "ஒரு வாரம் இருக்கும் சார். தார் மாதிரி. ஏதோ சூடுன்னு நெனச்சேன்."

"வீட்ல சொல்லலியா?"

"இதப் போயி எப்படி சார் சொல்லுது?"

இவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். நான் சரி என்றேன். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நாத்தனார் அழுதுகொண்டே ஜெபம் செய்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பையைத் திறந்து தாள்களைத் திருத்த ஆரம்பித்தேன். பின்னங்களைக் கூட்டச் சொன்ன கேள்வி. பாதிப் பிள்ளைகள் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் அப்படியே கூட்டி வைத்திருந்தார்கள்.

"மைனி, இங்கன வந்துமா பேப்பர் திருத்துதிய?" என்றாள் அவள்.

"சும்மா இருந்து என்ன செய்யச் சொல்லுத?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அவளுக்குப் பதில் சொன்ன விதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே தேடிப் பார்த்தேன். பயம் என்று ஒன்று அகப்படவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது. அவர் செத்துப்போனால், என்று நினைத்துப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் வரவில்லை. அடுத்த தாளை எடுத்தேன்.

டாக்டர் வெளியே வந்து, இரைப்பையில் புண் இருந்தது, அதிலிருந்த ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது, கிளிப் போட்டு நிறுத்திவிட்டோம் என்றார். மாத்திரை தின்றதால் வந்த புண். கூடவே ஒரு கிருமியும் இருக்கலாம், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். இனி வலி மாத்திரை கையில் தொடக்கூடாது. சொல்லிக்கொண்டே என் மடியில் இருந்த தாள்களையும் சிவப்புப் பேனாவையும் பார்த்தார்.

அவர் பிழைத்துக்கொண்டார். கிருமி இருந்தது, அதற்கும் மருந்து சாப்பிட்டார். கடையில் சொல்லி ஒரு ஸ்டூல் வாங்கிப் போட வைத்தார். குழாய் விட்டு எடுத்த புண்ணின் கலர் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடையில் எல்லோருக்கும் காட்டினார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். "என்னா தைரியம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே." நான் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அவருக்கு நன்றாகப் பசிக்க ஆரம்பித்த பிறகுதான் என் வயிறு கெட்டது.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அடிவயிறு முறுக்கும். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் அடங்கும். செருப்பைப் போட்டதும் மறுபடி முறுக்கும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வயிற்றுக்குள் காற்று உருளுகிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்குமோ என்று பையை மடியில் அணைத்துக்கொள்வேன். ஒருநாள் தாங்க முடியாமல் வண்ணார்பேட்டையில் இறங்கி, ஒரு துணிக்கடைக்குள் போய், சேலை பார்க்க வந்தவள்போல் இரண்டு சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்கன இருக்கு?" என்று கேட்டேன். அதன்பிறகு அந்தச் சாலையில் எந்தக் கடையில் கழிப்பறை உண்டு, எது பூட்டியிருக்கும், எங்கே தண்ணீர் வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். பாதி வகுப்பில் கரும்பலகையில் கணக்கை அப்படியே விட்டுவிட்டு நடந்திருக்கிறேன்.

தெருமுனை டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். அடுத்து அமீபா என்று ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதில் வாய் முழுக்கத் தகரம் ருசித்தது. மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நாத்தனார் மாதுளந்தோலைக் காயவைத்துப் பொடித்துக் கொண்டுவந்தாள். மோரில் கலக்கிக் குடித்தேன். வயிறு கட்டிக்கொண்டு கல்லாகக் கிடந்தது, பிறகு மறுபடி இளகியது. இதையெல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என் கணவர்தான், "என்னைய பாத்த டாக்டர்ட்டயே போவோம்ட்டி" என்றார்.

டாக்டர் வழக்கம்போல் கையைத் தேய்த்துக்கொண்டு என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வயதையும் கணக்கில் எடுத்துப் பெருங்குடலை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். அதற்கு முந்தைய நாள் குடலைக் கழுவுகிற மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு வழவழப்பு. அவர் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நடக்கும்போது நான் தள்ளாடினால் பிடிப்பதற்காம்.

பரிசோதனை முடிந்து மயக்கம் தெளிய என்னை ஒரு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் பக்கத்தில் இருந்தார்.

"அன்னைக்கு நீ பயந்தியா?" என்று கேட்டார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

"இல்ல" என்றேன்.

"நான் ரொம்பப் பயந்துட்டேன். ஆம்புலன்ஸ்ல உன் மூஞ்சியவே பாத்துட்டுக் கெடந்தேன். நீ சாதாரணமா இருந்த. இவ இப்படி இருக்கான்னா நாம சாவ மாட்டோம்னு நெனச்சுக்கிட்டேன்."

"நான் ஒண்ணுமே நெனைக்கல" என்றேன். அது உண்மை. அவர் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். எனக்கு வயிறு லேசாக முறுக்கியது. உள்ளே எதுவுமே இல்லாமலிருந்தும் முறுக்கியது.

டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். "குடல் சுத்தமா இருக்கும்மா. புண்ணு இல்ல, கட்டி இல்ல."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒன்று இருந்திருக்கலாம் என்று தோன்றியது. "அப்பம் எனக்கு ஒண்ணும் இல்லங்கீங்களா?"

"அப்படிச் சொல்லல. கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க படுத பாடு நெசம். இதுக்கு ஐ.பி.எஸ்.னு பேரு." எப்போதிலிருந்து என்று கேட்டார். இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பேப்பர் திருத்துன டீச்சர்லா? எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "மூளைக்கும் குடலுக்கும் நரம்பு ஓடுது. அங்க நிக்காதது இங்க வந்து நிக்கும். சில பேருக்கு அப்படி."

பாலையும் கோதுமையையும் கொஞ்சநாள் விட்டுப் பார்க்கச் சொன்னார். ராத்திரி படுக்கும்போது போட ஒரு சின்ன மாத்திரை எழுதினார். மனசு சரியில்லாதவர்களுக்கும் இதையே பெரிய அளவில் கொடுப்பது உண்டு, மெடிக்கலில் யாரும் ஏதாவது சொன்னால் பயப்பட வேண்டாம், இது குடல் நரம்புக்கு என்றும் சொன்னார்.

நாத்தனாரிடம் நோயின் பெயரைச் சொன்னேன். "ஐ.பி.எஸ்ஸா? போலீஸ்லயா சேந்துட்டிய மைனி?" என்றாள். என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும்.

மாத்திரையைக் கொஞ்சநாள் தொடவில்லை. மனசு வியாதிக்காரி என்று ஆகிவிடுமோ என்று இருந்தது. பிறகு ஒருநாள் வகுப்பில் மறுபடி பாதியில் ஓட வேண்டி வந்தது. அன்றிலிருந்து போட ஆரம்பித்தேன். முதலில் வாய் உலர்ந்தது, தூக்கம் தூக்கமாக வந்தது. ஒரு மாதம் போல் ஆனபின் முறுக்கல் இல்லாத காலைகள் கொஞ்சம் கூடின. பால் இல்லாத கட்டன் காப்பி பழகிவிட்டது.

இந்தப் பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிநேர ஆராதனைக்குப் போனேன். போன வருஷம் போகவில்லை. நடுவரிசையில், இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். சிலுவையைப் பற்றிய பிரசங்கத்தில் பக்கத்திலிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆசீர்வாதம் சொல்லி முடித்து எல்லோரும் எழுந்தபோதுதான், அத்தனை நேரமும் வயிற்றை நினைக்கவே இல்லை என்பது தெரிந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார் அவர்.

"வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் முறுக்கியது. போய்விட்டு வந்தேன். அவர் தோசைக்கல்லை வைத்திருந்தார்.