பீரங்கிக்குக் கட்டை போட்ட மாயவன்

தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பழுது பார்த்து அருங்காட்சியகமாக்கித் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப்பட்ட கூட்டம். கீழ் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாள், கேடயம், துருப்பிடித்த குண்டு, செப்புக் காசு என்று வைத்திருந்ததை முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே உச்சிக்குப் போனான். பெயர் மாயவன். வயது ஐம்பத்தாறு. கல், மண் சுமக்கிற கூலிக்காரன். அவன் பார்க்க வந்தது வாளை அல்ல, ஒரு கட்டையை.

உச்சியில், மதிலோரத்தில் ஒரு பீரங்கி வாயைக் கிழக்கே காட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் வலது சக்கரத்துக்கு அடியில் முக்கோணமாக, கறுப்பாக ஒரு புளியங்கட்டை. மாயவன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

"கட்ட அப்பிடியே கீதா?" என்று கேட்டாள், மூச்சிரைக்க ஏறி வந்த அவன் மனைவி செல்லியம்மாள்.

"கீது. அசையல."

ஒரு கட்டையைத் தொட்டுப் பார்க்கவா ஒரு மனுஷன் இத்தனை படி ஏறுவான் என்று கேட்டால், கேட்கிறவர்களுக்குத் தேர் ஓட்டத் தெரியாது என்று அர்த்தம். தேரை வடம் பிடித்து ஆயிரம் பேர் இழுக்கலாம். இழுப்பது பெரிய காரியமில்லை. அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற ஆள்தான். வலப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் தேர் வலப்பக்கம் திரும்பும். இரண்டுக்கும் கொடுத்தால் நிற்கும். உருளுகிற சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசி நொடியில் கட்டையைத் தள்ளிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். மாயவனுக்கு இடது கை மோதிர விரலில் பாதி இல்லை. இருபது வயதில் தொடங்கி இருபத்தேழு வருஷம் அவன் ஊர்த் தேருக்குக் கட்டை போட்டான். போன இடமெல்லாம் அவனைக் கூலிக்காரன் என்று பார்த்தார்கள். சித்திரை மாதத்தில் ஒரு நாள் மட்டும் ஊரே அவன் கையைப் பார்த்தது.

அதுதான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போயிற்று. அந்த வருஷம் தேர்க் கமிட்டித் தலைவர் நாராயணசாமி, தேருக்குப் புது வர்ணம் அடித்த கையோடு பழைய கட்டைகளை ஓரம் கட்டிவிட்டுப் புதுக் கட்டை செய்து கொடுத்தார். பச்சைப் பெயிண்ட், அதன் மேல் மஞ்சள் எழுத்தில் 'உபயம்: நாராயணசாமி'. தூக்கிப் பார்த்ததுமே மாயவனுக்கு உறுத்தியது. "அய்யா, கனம் கம்மியா கீதுங்க" என்றான். "உன்ன கட்ட போடச் சொன்னாங்களா, எட போடச் சொன்னாங்களா?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாயவன் வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கு மூடியது தப்பு என்று பிற்பாடு அவன் தன் தலையிலேயே அடித்துக்கொண்டது எத்தனையோ தடவை.

மேற்கு வீதி இறக்கத்தில் கட்டை இரண்டாகப் பிளந்தது. தேர் அவிழ்த்துவிட்ட மாடாட்டம் பத்தடி ஓடி, நீர்மோர்ப் பந்தலைச் சாய்த்து, நாராயணசாமி வீட்டுச் சுவரில் முட்டி நின்றது. நல்லவேளை, உயிருக்குச் சேதமில்லை. பிளந்த துண்டை எடுத்துப் பார்த்தபோதுதான் பெயிண்டுக்கு உள்ளே இருந்த வெள்ளை மரம் தெரிந்தது. பாரம் தாங்காத மாமரம். நாராயணசாமி தோப்பு மரம். மாயவன் வாய் திறப்பதற்குள் 'குடித்துவிட்டுக் கட்டை போட்டான்' என்று பேச்சு கிளம்பிவிட்டது. மாயவன் குடிப்பான்தான், டீயை. பிளந்த கட்டையைக் காட்டலாம் என்று மறுபடி தேடிப் போனால், அதைப் பொங்கல் அடுப்பில் வைத்து எரித்திருந்தார்கள். அதற்கப்புறம் ஒன்பது சித்திரைக்கும் அவன் தேரன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தேர்ச் சத்தம் கேட்டால் செல்லியம்மாள் ரேடியோவை உரக்க வைப்பாள்.

பழைய புளியங்கட்டைகள் இரண்டையும் குப்பையில் போட இருந்தார்கள். அவன் கேட்டு வாங்கி வந்து தண்ணீர்க் குடத்துக்கு முட்டாக வைத்திருந்தான்.

பிறகு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் என்றால் ஒரு அருங்காட்சியகம் வேண்டாமா என்று கோட்டையைப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள். மைசூர்க்காரனுக்கும் நவாபுக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடுவில் எல்லைக் காவலாக நின்று அடிபட்ட கோட்டை அது. மாயவனும் செல்லியம்மாளும் அங்கே சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்தார்கள். எல்லாம் ஒழுங்காக முடிந்து, கடைசியில் பீரங்கியில் வந்து நின்றது வேலை. அது எந்தக் காலத்திலோ கீழே உருண்டு வந்து ஏரிக்கரையில் கிடந்தது. எருமைகள் அதில்தான் முதுகு தேய்க்கும். அதை மேலே ஏற்றியே ஆக வேண்டும் என்று உத்தரவு. தச்சர்கள் இரும்புப் பட்டை போட்ட இரண்டு சக்கரத்தில் வண்டி செய்தார்கள். மேலே மோட்டார் வைத்து, படியை ஒட்டிய சரிவுப் பாதையில் இரும்புக் கயிற்றால் இழுத்தார்கள். முதல் திருப்பம் வரை ஜம்மென்று போனது. திருப்பத்தில் மதிலில் போய் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. இரண்டு நாள் படாத பாடு பட்டும் நகரவில்லை.

மேற்பார்வைக்கு இருந்த என்ஜினீயர் ராயப்பன் இந்தப் பக்கத்து ஆள்தான், முப்பது வயதுக்காரர். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் மாயவன் போனான்.

"மிஷினுக்கு இழுக்கத்தான் சார் தெரியும். திருப்பத் தெரியாது. நா திருப்பறேன்."

"எப்படிண்ணே?"

"தேரு திருப்பற மாரிதான். அறுபது பேரு வடம் பிடிக்கட்டும். கட்ட நா கொணாறேன்."

குடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கட்டைகளை எடுத்தபோது செல்லியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இதுலயும் ஒண்ணு ஆச்சுன்னா இன்னா பண்ணுவ? ஊர்ல உன்ன உசுரோட வுடமாட்டாங்க."

"ஒண்ணும் ஆவலன்னா?"

அவள் வழியை விட்டாள். மறுநாள் காலையில் வடத்தில் முதல் கை அவளுடையதாக இருந்தது.

ஏற்றத்தில் கட்டைக்காரனுக்குச் சக்கரத்துக்குப் பின்னால்தான் இடம். வண்டி ஒரு முழம் ஏறினால் உடனே கட்டையை ஒட்டித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஏறியது அவ்வளவும் இறங்கிவிடும், கட்டைக்காரன் மேலேயே. இடது சக்கரத்துக்குக் கூட வேலை பார்த்த சின்னக்கண்ணு, வலதுக்கு மாயவன். அவன் துண்டை உயர்த்தினால் இழுக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். முதல் திருப்பத்தில் வலது சக்கரத்தைக் கட்டையால் பிடித்து வைத்து, இடதை மட்டும் ஏறவிட்டான். மோட்டாருக்கு மசியாத பீரங்கி, சொன்ன பேச்சு கேட்கிற மருமகள் மாதிரி திரும்பிக்கொண்டது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். ராயப்பன் தன் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது திருப்பத்தில்தான் வந்தது வினை. இடது சக்கரத்துக் கட்டையை எடுத்துக்கொண்டு சின்னக்கண்ணு ஓரமாக ஒதுங்கிவிட்டான். முழுப் பாரமும் மாயவன் கட்டை ஒன்றின் மேல். அந்த நேரம் பார்த்து வடத்தின் முடிச்சு நழுவியது. அறுபது பேரும் மல்லாந்து விழுந்தார்கள். பீரங்கி பின்னால் வந்தது. பின்னால் இருந்தது இரண்டே பேர், மாயவனும் ராயப்பனும்.

ஓடலாம். மாயவன் ஓடவில்லை. ஓடினால் ஒன்பது வருஷம் ஊர் சொன்னது உண்மையாகிவிடும். கட்டையின் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். இரும்புப் பட்டை கட்டையைக் கடித்தது. நறநறவென்று ஒரு சத்தம். இரண்டு விரல் ஆழத்துக்கு உள்ளே இறங்கியது. அப்புறம் நின்றது.

பிறகு மேலேயிருந்து செல்லியம்மாளின் குலவைச் சத்தம் கேட்டது. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மாயவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, "வடத்த கட்டுங்கடா, வெயில் ஏறிக்கினு போவுது" என்று அதட்டினான். ராயப்பன் கிட்டே வந்து, இரும்பு கடித்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"கட்டை உடைஞ்சிருந்தா என்னண்ணே ஆகியிருக்கும்?"

"இது ஒடையாது சார். ஒடையற கட்ட எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

உச்சி வெயிலுக்கு முன் பீரங்கி மதிலோரம் போய்ச் சேர்ந்தது. அங்கே பாறை சற்றுச் சரிவு. கட்டையை எடுத்துவிட்டுச் சிமெண்டு வைக்கச் சொன்னார்கள் பெரிய அதிகாரிகள். "இதைவிட உறுதியான சிமெண்டு என்கிட்ட இல்லை சார்" என்று சொல்லிவிட்டார் ராயப்பன். கட்டை அங்கேயே இருந்துவிட்டது.

ஊரில் இந்தச் செய்தி பரவியபோது நாராயணசாமி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கவர்மெண்டு மோட்டார் இழுத்துது. இவன் கூட நின்னுக்கினு இருந்திருப்பான்" என்றார். அவர் சொன்னால் பாதி ஊர் சொன்னது போல.

திறப்பு ஞாயிற்றுக்கிழமை, மாயவன் கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற அதே நேரத்தில், மணலூர்பேட்டைச் சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு நாராயணசாமியும் ஏறி வந்தார். கைத்தடியால் பீரங்கியைத் தட்டி, "மோட்டார் வெச்சி ஏத்துனாங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தவர், மாயவனைப் பார்த்தும் பார்க்காதது போலச் சுற்றி வந்தார். வலது சக்கரத்தண்டை வந்ததும் பேச்சு நின்றது. குனிந்தார். சக்கரம் கடித்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். என்ன இருந்தாலும் முப்பது வருஷம் தேர் நடத்திய மனுஷர். இரும்பு இரண்டு விரல் இறங்கியும் பிளக்காத கட்டை என்ன பாரம் தாங்கியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா மரம் மாயவா இது?"

"புளிங்க. வைரம் பாஞ்சது. நீங்க குப்பையில போடச் சொன்ன கட்ட."

"அன்னிக்கி போட்டது?"

ஒன்பது வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை மாயவன் நிதானமாகச் சொன்னான். "மா. உங்க தோப்பு மரம். பெயிண்ட் அடிச்சதுல தெரியல."

சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாராயணசாமி கட்டையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் தெரியாதது போல இருந்தாரா, அது அவருக்கே வெளிச்சம்.

"உம்மேல தப்பு இல்ல" என்றார், தொண்டைக்குள்ளேயே.

"காத்து ஜாஸ்திங்க, ஒண்ணும் காதுல வுழல" என்றாள் செல்லியம்மாள். மலை மேல் இலை அசையவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

மாயவன் அவளை முறைத்தான். அவள் அசையவில்லை. கூட்டம் வேறு சேர்ந்துவிட்டது. அதில் பாதி உள்ளூர் ஆட்கள். நாராயணசாமி நிமிர்ந்தார்.

"மாயவன் மேல தப்பு இல்ல. கட்டதான் தப்பு. கட்ட என்து" என்றார் உரக்க. பிறகு மாயவனிடம், "சித்திரைக்கி வந்துடு" என்றார்.

"வரேங்க. ஆனா கட்ட நானே பாத்து வெட்டுவேன்."

"வெட்டிக்க."

"பெயிண்ட் அடிக்கக் கூடாது."

"அடிக்கல."

"பேரும் எழுதக் கூடாதுங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எழுதலப்பா" என்றார்.

அந்தச் சித்திரையில் தேர் மேற்கு வீதி இறக்கத்துக்கு வந்தபோது, செல்லியம்மாள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். வடம் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள், மாடியில் நின்றவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது ஒரு அரைவிரல் இல்லாத கையை. மாயவன் துண்டை இறக்கினான். வர்ணம் பூசாத புளியங்கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்தான். தேர் நின்றது.